ஒட்டுறவும் காரணமும்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளர் குறித்த உளவியல் ஆய்வுகளின் முடிவுரைக்கும் முறை – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தொழிலாளர் உளவியல் துறையில் தமிழகத்தில் நடைபெறும் ஆய்வுகளில் ஒட்டுறவு முறை மிகுதியாகக் கையாளப்படுகிறது. இரு மாறிகள் சேர்ந்து மாறும் அளவை மட்டுமே ஒட்டுறவுக் கெழு காட்டும். எது காரணம், எது விளைவு என்பதை அது காட்டாது. ஆயினும், ஆய்வின் தலைப்பிலும் பரிந்துரையிலும் காரணத் தன்மை ஏற்றிச் சொல்லப்படுகிறது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைக் களமாகக் கொண்டு இம்முறையின் அளவைச் சிக்கல், மாதிரிச் சிக்கல், காலச் சிக்கல் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. காரணத்தை உறுதி செய்யாமல் பரிந்துரைக்கும்போது மாற வேண்டிய பொறுப்பு தொழிலாளர்மீதே சுமத்தப்படுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: ஒட்டுறவு, காரணம், பணி நிறைவு, மன அழுத்தம், பின்னலாடைத் தொழில், முதலிபாளையம், மணிமேகலை அளவையியல்

முன்னுரை

திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில் சிட்கோ தொழிற்பேட்டையும் பின்னலாடை வடிவமைப்புக் கல்லூரியும் அமைந்துள்ளன. பனியன் கம்பெனிகள், ஜாப் ஒர்க் கூடங்கள், தொழிலாளர் குடியிருப்புகள் எனப் பின்னலாடைத் தொழிலின் எல்லா உறுப்புகளையும் கொண்ட பகுதி இது. உளவியல், சமூகப்பணி, மேலாண்மை ஆகிய துறைகளின் முதுகலை மாணவரும் முனைவர்பட்ட ஆய்வாளரும் தரவு தேடி இத்தகைய பகுதிகளுக்கு வருவது இயல்பு. அவர்கள் கையில் பெரும்பாலும் இரண்டு வினாநிரல்கள் இருக்கும். ஒன்று மன அழுத்தத்தை அளப்பது. மற்றொன்று பணி நிறைவை அளப்பது. நிறுவன மேலாளரின் அனுமதி பெற்று நூறு அல்லது இருநூறு பேரிடம் படிவங்கள் நிரப்பப்பட்டு, கெழு கணிக்கப்பட்டு, முடிவு எழுதப்படுகிறது.

இவ்வகை ஆய்வுகளின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. தனி ஆய்வு எதையும் பெயர் சுட்டிக் குறை காண்பதும் நோக்கம் அன்று. அவை பொதுவாகப் பின்பற்றும் வடிவத்தில், கெழுவிலிருந்து பரிந்துரைக்குச் செல்லும் இடைவழியை மட்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. கெழு சொல்வதும் தலைப்பு சொல்வதும்

பிரான்சிஸ் கால்டன் 1888-இல் ஒட்டுறவுக் கருத்தை முன்வைத்தார். கார்ல் பியர்சன் 1890-களின் நடுவில் அதற்கு இன்று வழங்கும் கணித வடிவத்தைத் தந்தார். சார்லஸ் ஸ்பியர்மன் 1904-இல் அதனை உளவியலின் அடிப்படைக் கருவியாக்கினார். கெழுவின் மதிப்பு −1 முதல் +1 வரை அமையும். முதல் மாறிக்கும் இரண்டாம் மாறிக்கும் உள்ள ஒட்டுறவும், இரண்டாம் மாறிக்கும் முதல் மாறிக்கும் உள்ள ஒட்டுறவும் ஒரே எண்தான். அதாவது, அந்த எண்ணுக்குத் திசை கிடையாது.

ஆனால், ஆய்வேட்டுத் தலைப்புகளில் வழங்கும் சொற்களுக்குத் திசை உண்டு. ‘பணி நிறைவில் மன அழுத்தத்தின் தாக்கம்’ என்னும் வாய்பாடு நம் துறையினர் அனைவரும் அறிந்தது. ‘தாக்கம்’ என்றதுமே தாக்குவது ஒன்று, தாக்கப்படுவது மற்றொன்று என்னும் வரிசை அமைந்துவிடுகிறது. பாடநூல்களில் வழங்கும் ‘ஒட்டுறவு’ என்னும் சொல் இரண்டும் ஒட்டி நிற்பதை மட்டும் சொல்வது. கெழுவின் இயல்புக்கு அதுவே நேர்மையானது. தரவு திரட்டும் முன்பே, தலைப்பில் ‘ஒட்டுறவு’ நீங்கித் ‘தாக்கம்’ வந்து அமரும்போது, ஆய்வு நிறுவ வேண்டிய ஒன்று நிறுவப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது.

விளக்கத்திற்காக ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். 200 தொழிலாளரிடம் திரட்டிய தரவில் மன அழுத்தத்துக்கும் பணி நிறைவுக்கும் இடையே கெழு −0.42 எனக் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ −0.53 முதல் −0.30 வரை அமையும். கெழுவின் வர்க்கம் 0.176. அதாவது, பணி நிறைவில் காணப்படும் வேறுபாட்டில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியான அளவே மன அழுத்த மதிப்பெண்ணோடு ஒத்து மாறுகிறது. எஞ்சிய ஐந்து பங்கு வேறெங்கோ இருக்கிறது. பொருண்மை மட்டம் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. 100 பேர் கொண்ட மாதிரியில் 0.20 என்னும் கெழுவே 0.05 மட்டத்தில் பொருண்மை பெற்றுவிடும். அதன் வர்க்கமோ வெறும் 0.04. ‘பொருண்மை உடையது’ என்பதற்கும் ‘பெரியது’ என்பதற்கும் உள்ள தொலைவு இதுவே.

2. முதல், எச்சம், பொது

கண்டதிலிருந்து காணாததை அறியும் வழிகளைத் தமிழ் அளவை மரபு நுட்பமாகப் பிரித்தறிந்துள்ளது. மணிமேகலையின் 27-ஆவது காதையில், வஞ்சி நகரில் அளவைவாதி தன் கொள்கையை விளக்கும்போது, அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என மூன்றாக வகுக்கிறான். கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை வரும் என்பது முதல். இது காரணத்திலிருந்து காரியத்துக்குச் செல்வது. வெள்ளத்தைக் கண்டு மேற்புறத்தில் மழை பெய்தது என்பது எச்சம். இது காரியத்திலிருந்து காரணத்துக்குச் செல்வது. காட்டில் ஒலி கேட்டு அங்கே யானை உண்டு என உணர்வது பொது. இங்கே ஒன்றின் அறிகுறியால் மற்றொன்று இருப்பது மட்டும் அறியப்படுகிறது.

அக்கால அளவையியலும் இக்காலப் புள்ளியியலும் ஒன்றல்ல. எனினும், இப்பகுப்பு நம் சிக்கலைத் தெளிவாக்க உதவும். முதலும் எச்சமும் செல்லுபடியாவதற்கு, முகில் காரணம், மழை அதன் காரியம், வெள்ளம் அம்மழையின் காரியம் என்னும் அறிவு முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். ஒட்டுறவுக் கெழு தருவது பொதுவின் நிலையிலான அறிவு: மன அழுத்தம் மிக்கவரிடம் பணி நிறைவு குறைந்திருக்கக் கூடும் என முன்கணிக்கலாம். முன்கணிப்புக்கு அது போதும். ‘மன அழுத்தத்தைக் குறைத்தால் பணி நிறைவு கூடும்’ என்பதோ முதலின் நிலையிலான கூற்று. அதற்கு வேறு சான்று வேண்டும்.

இந்த வேறுபாடு உலகளாவிய ஆய்விலும் தீர்ந்துபோன ஒன்றன்று. பணி நிறைவுக்கும் செயல்திறனுக்கும் உள்ள உறவை 1985-இல் தொகுத்தாய்ந்த இயாஃபல்டானோவும் முச்சின்ஸ்கியும் கெழுவை 0.17 என மதிப்பிட்டனர். ஜட்ஜ் முதலியோர் 2001-இல் 312 மாதிரிகளை, ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோரின் தரவை, மீளாய்வு செய்து 0.30 எனக் கண்டனர். இத்தனை பெரிய தரவுக்குப் பின்னும், எது எதை விளைவிக்கிறது என்பதற்கு ஏழு மாற்று மாதிரிகளை அவர்கள் நிரல்படுத்த வேண்டியிருந்தது. ஒரு தொழிற்பேட்டையில் ஒரு வாரத்தில் திரட்டிய தரவு அதைத் தீர்த்துவிடும் என எதிர்பார்ப்பது பொருந்தாது.

3. அளவையின் சிக்கல்: ‘மன அழுத்தம்’ என்னும் சொல்

இந்தியத் தொழிலகங்களில் பணி அழுத்தத்தை அளக்க ஸ்ரீவாஸ்தவாவும் சிங்கும் 1981-இல் வாரணாசியில் வெளியிட்ட அளவுகோல் பெரிதும் பயன்படுகிறது. 46 கூற்றுகளும் பன்னிரண்டு உட்பிரிவுகளும் கொண்டது அது. பணிப் பொறுப்பின் தெளிவின்மை, மிகுபணிச் சுமை, அதிகாரமின்மை முதலிய உட்பிரிவுகள், பதவிப்படிகள் வரையறுக்கப்பட்ட நிறுவனத்துக்கு இயல்பாகப் பொருந்துவன. கான்ட்ராக்டர் ஒருவரின்கீழ்ப் பவர் டேபிளில் தைப்பவருக்கு ‘என் பதவியின் பொறுப்புகள்’ என்பது என்ன பொருள் தரும் என்பதை மொழிபெயர்ப்பாளர் முதலில் கேட்டறிய வேண்டும்.

தமிழுக்கே உரிய சிக்கல் வேறொன்றும் உண்டு. ‘மன அழுத்தம்’ என்னும் தொடர் பணிச்சுமையால் வரும் இறுக்கத்தையும் குறிக்கிறது. மருத்துவர் மனச்சோர்வு என வகுக்கும் நோய்நிலையையும் நாளிதழ் வழக்கில் குறிக்கிறது. தொழிலாளரின் பேச்சு வழக்கிலோ முதலாவதற்குப் பெரும்பாலும் ‘டென்ஷன்’ என்பதே சொல். இரு வேறு பொருள்களை ஒரே தொடரால் அளக்கும் கருவியின் உள்நிலை நம்பகக் கெழு உயர்ந்திருக்கலாம்; அதனால் ஏற்புடைமை உறுதியாகிவிடாது. முறையாகப் பின்மொழிபெயர்ப்புச் செய்து சரிபார்த்தாலும், அது அகராதிப் பொருளைக் காக்குமேயன்றி வழக்குப் பொருளைக் காப்பதாகாது.

மேலும், இரண்டு வினாநிரல்களையும் ஒருவரே, ஒரே அமர்வில், ஒரே மனநிலையில் நிரப்புகிறார். அன்று காலை சூப்பர்வைசரிடம் வசை கேட்டவர் இரண்டிலுமே தாழ்ந்த நிலையைக் குறிப்பார். இவ்வாறு அளக்கும் முறையே தோற்றுவிக்கும் ஒட்டுறவைப் போட்சகோஃப் முதலியோர் 2003-இல் விரிவாக விளக்கியுள்ளனர். மேலாளர் அறைக்கு அருகே படிவம் நிரப்பப்படுமானால் அச்சமும் இதனோடு சேரும்.

வினாநிரல் நடுநிலையான அளவுகோல் அன்று என்பதற்கு இந்திய ஆடைத் தொழிலிலிருந்தே ஒரு சான்று உண்டு. எதிர்பார்த்த அளவு ஊதிய உயர்வு கிடைக்காத சூழலில், சமவாய்ப்பு முறையில் தேர்ந்த தொழிலாளரிடம் மட்டும் பணி நிறைவுக் கருத்துக்கணிப்பு நடத்திய அத்வர்யு, மோலினா, நிஷாதம் ஆகியோரின் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. கருத்துக் கேட்கப்பட்டவர்கள் அடுத்த சில மாதங்களில் வேலையை விட்டு விலகும் வாய்ப்பு, கேட்கப்படாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. தன் குறையைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்ததே நடத்தையை மாற்றிற்று. ஆய்வாளர் அளக்க நினைத்த பொருளை அளக்கும் செயலே மாற்றிவிடக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

4. மாதிரியில் இல்லாதவர்கள்

பணியில் இருப்போரை மட்டும் ஆராயும்போது, பணியைத் தாங்காமல் விலகியோர் கணக்கில் வருவதில்லை. தொழில்சார் நோய்ப்பரவியலில் இது ‘நலமுள்ள தொழிலாளர் விளைவு’ எனப்படும். திருப்பூரில் இது கூர்மையான சிக்கல். வாரக் கூலிப் பட்டுவாடா வழங்கும் தொழிலில், சனிக்கிழமை கூலி பெற்றுத் திங்களன்று வேறு கம்பெனிக்குச் செல்வது எளிது. தென்மாவட்டங்களிலிருந்தோ, ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்தோ வந்தவர் தாங்க இயலாத நிலையில் ஊர் திரும்பிவிடுகிறார். ஆய்வாளர் சந்திப்பது எஞ்சியிருப்போரை. அவர்களிடம் மன அழுத்த மதிப்பெண் நடுத்தரமாக அமைந்தால், தொழில் தாங்கத்தக்கது என்று அதற்குப் பொருளில்லை. தாங்கியவர் மட்டுமே அங்கு இருந்தனர் என்பதே பொருள். மதிப்பெண்களின் வீச்சு இவ்வாறு குறுகும்போது கெழுவும் பெரும்பாலும் குறுகும்.

நிறுவனத்தின் அனுமதியும் ஒரு சல்லடையே. ஆய்வாளரை உள்ளே விடும் நிறுவனம் பெரும்பாலும் வெளிநாட்டு வாங்குவோரின் தணிக்கைக்குப் பழகியது. ஜாப் ஒர்க் கூடங்களும் வீட்டிலிருந்து பிசிறு வெட்டும் பெண்களும் மாதிரிக்குள் வருவது அரிது. தமிழ் தெரியாத தொழிலாளர், படிவம் தமிழில் இருப்பதாலேயே விலக்கப்படுகின்றனர். நான்கு நிறுவனங்களிலிருந்து ஐம்பது ஐம்பது பேரைத் திரட்டினால் அவை 200 தனித்த சான்றுகள் ஆவதில்லை. ஒரே கூரையின்கீழ் ஒரே சூப்பர்வைசரிடம் பணிபுரிவோரின் விடைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். மேலே காட்டிய நம்பிக்கை இடைவெளி, ஒவ்வொருவரும் தனித்தனியே சமவாய்ப்பில் தேர்ந்தவர் என்னும் நிபந்தனையில் கணித்தது. அந்த நிபந்தனை இங்கு நிறைவேறுவதில்லை.

5. காலமும் கூலி முறையும்

திருப்பூரில் ‘ஷிப்ட்’ என்பது எட்டு மணி நேர வேலையையும் அதற்குரிய கூலியையும் சேர்த்துக் குறிக்கும் சொல். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடியும் நாள் ‘ஒன்றரை ஷிப்ட்’ ஆகும். ஏற்றுமதி ஆர்டர் அனுப்பும் நாள் நெருங்கும்போது வேலை நேரம் மேலும் நீளும். அப்போது பணி நேரமும் மன அழுத்தமும் சேர்ந்து உயரும் என எதிர்பார்க்கலாம், ஒட்டுறவு நேர்மறையாகும். சாயக்கழிவு தொடர்பான வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2011 சனவரி 28-இல் சாய ஆலைகளை மூட ஆணையிட்டபோதும், 2020-இல் பொதுமுடக்கத்தின்போதும் நிலைமை வேறு. வேலை நேரம் சுருங்கியது, கூலி சுருங்கியது. அத்தகைய மாதங்களில் வேலை குறைந்தவரிடமே கவலை மிகுந்திருக்க வாய்ப்புண்டு, ஒட்டுறவு எதிர்மறையாகலாம். ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே வினாநிரல் என்றிருந்தும், தரவு திரட்டிய மாதத்தைப் பொறுத்துக் கெழுவின் குறியே மாறக்கூடும். ஆய்வேட்டில் ஆர்டர் நிலவரம் ஒரு வரியிலாவது பதிவாக வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

கூலி முறையும் அவ்வாறே. பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லருக்குக் கூடுதல் நேரம் என்பது கூடுதல் வருமானம்; அவரிடம் நேரமும் நிறைவும் சேர்ந்து உயரக்கூடும். ஷிப்ட் கூலியில் செக்கிங், கைமடித்தல் வேலை பார்க்கும் பெண்ணுக்கோ கூடுதல் நேரம் என்பது வீட்டுப் பணிக்கும் உறக்கத்துக்கும் ஏற்படும் இழப்பு. அவரிடம் நேரம் உயர நிறைவு தாழக்கூடும். இருவரையும் ஒரே பட்டியலில் சேர்த்துக் கணித்தால் கெழு பூச்சியத்தை ஒட்டி வரலாம். ‘வேலை நேரத்துக்கும் பணி நிறைவுக்கும் பொருளுடைய ஒட்டுறவு இல்லை’ என எழுதப்படும் முடிவு, உண்மையில் ஒன்றையொன்று எதிர்க்கும் இரு உறவுகளின் கூட்டுத்தொகையாக இருக்கலாம்.

தனியாளின் அளவிலிருந்து மாவட்டத்தின் அளவுக்குத் தாவும்போதும் இதே பிழை நேர்கிறது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருப்பூரில் நேர்ந்த தற்கொலைகள் பற்றி நாளிதழ்கள் தொடர்ந்து எழுதின. மாவட்ட அளவிலான எண்ணிக்கையையும் தொழிலின் வளர்ச்சியையும் அருகருகே வைத்து, பனியன் தொழிலாளரின் மனநிலை குறித்து முடிவு கூறுவது ஏற்கத்தக்கதன்று. டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950-இல் இதனை எண்களாலேயே காட்டினார். அமெரிக்க மாநிலங்களை அலகாகக் கொண்டபோது, வெளிநாட்டில் பிறந்தோரின் விழுக்காட்டுக்கும் எழுத்தறிவின்மைக்கும் கெழு −0.526, தனியாள்களை அலகாகக் கொண்டபோது அது +0.118. திரளின் ஒட்டுறவு தனியாளின் ஒட்டுறவுக்கு எதிர்க்குறியே கொண்டிருந்தது. இறந்தவர் யார், என்ன தொழில் செய்தார், எப்போது ஊருக்கு வந்தார் என்னும் விவரம் இன்றி ஒரு தொழிலின்மீது ஏற்றப்படும் பழியும், அத்தொழிலுக்கு வழங்கப்படும் விடுதலையும் ஒரே அளவில் ஆதாரமற்றவை.

6. பரிந்துரை யாரை நோக்கியது?

மேற்கண்டவை நுட்பச் சிக்கல்கள் மட்டுமாயின் புள்ளியியலாரிடம் விட்டுவிடலாம். ஆய்வேட்டின் இறுதி இயலான பரிந்துரையில் அவற்றின் சமூக விளைவு தெரியவருகிறது. மன அழுத்தம் காரணம், பணி நிறைவு விளைவு எனத் திசை வைத்தவுடன், மன அழுத்தத்தைத் தாங்கும் ஆற்றல் தொழிலாளரிடம் வளர வேண்டும் என்பது இயல்பான அடுத்த படியாகிறது. யோகா, தியானம், ஆற்றுப்படுத்துதல், நேர மேலாண்மைப் பயிற்சி என்னும் பரிந்துரைகள் அவ்வாறே பிறக்கின்றன. அவை தீமையானவை அல்ல. ஆனால், ஒன்றரை ஷிப்ட் முடித்துத் திரும்புபவருக்கு நேர மேலாண்மையைப் பரிந்துரைக்க, நேரம் அவர் கையில் இருக்கிறது என்று முதலில் நிறுவ வேண்டும்.

ராபர்ட் கராசெக் 1979-இல் முன்வைத்த மாதிரி இங்கு நினைக்கத்தக்கது. பணியின் கோரிக்கை மிகுந்தும், அப்பணியைத் தானே ஒழுங்கு செய்யும் உரிமை குறைந்தும் இருக்கும் நிலையிலேயே அழுத்தம் உச்சம் பெறுகிறது என்றார் அவர். இதன்படி மன அழுத்தமும் பணி நிறைவின்மையும் ஒன்றுக்கொன்று காரணமும் விளைவும் ஆக வேண்டியதில்லை. பணி அமைப்பு என்னும் மூன்றாம் மாறியின் இரு விளைவுகளாக இருக்கலாம். அப்போது பரிந்துரை வேலை நேரம், கூலி, சூப்பர்வைசரின் நடத்தை, விடுப்பு உரிமை ஆகியவற்றை நோக்கித் திரும்ப வேண்டும். 1984-இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்து பஞ்சப்படி கேட்ட தொழிலாளரின் வரலாறு இவ்வூருக்கு உண்டு. தம் இடர்ப்பாட்டின் காரணம் எது என்பதில் அவர்களுக்கு ஒரு கருத்து இருந்தது. அக்கருத்தைக் கருதுகோளாகக்கூடக் கொள்ளாமல், அவர்களின் மனத்திலேயே காரணத்தைத் தேடும் ஆய்வு நடுநிலையானதாகாது.

7. ஒட்டுறவு ஆய்வின் தகுதி

இதனால் ஒட்டுறவு ஆய்வு கைவிடத்தக்கது என்றாகாது. லீ கிரான்பாக் 1957-இல், சோதனை வழி, ஒட்டுறவு வழி என உளவியல் இரு துறைகளாகப் பிரிந்து கிடப்பதைச் சுட்டி, இரண்டும் இணைய வேண்டும் என வலியுறுத்தினார். இரவுப் பணியின் தீமையை அறிய, சிலரைச் சமவாய்ப்பில் தேர்ந்து ஆண்டுக்கணக்கில் இரவுப் பணியில் அமர்த்த எந்த அறக்குழுவும் இசையாது. அத்தகைய இடங்களில் ஒட்டுறவே கிடைக்கும் வழி. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை டோலும் ஹில்லும் 1950 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் நிறுவியது இவ்வழியில்தான். பொதுக்காரணம் ஒன்று இருக்கலாம் எனப் புள்ளியியல் மேதை ஃபிஷர் எழுப்பிய தடையை எதிர்கொண்டே அம்முடிவு நிலைபெற்றது. காரணத்தை முடிவு செய்யுமுன் பார்க்க வேண்டிய ஒன்பது நோக்குகளை ஹில் 1965-இல் தொகுத்தளித்தார். அவற்றுள் காரணம் காலத்தால் முற்பட வேண்டும் என்பது ஒன்று.

இவற்றைத் திருப்பூர்க் களத்துக்குப் பொருத்தினால், ஒரு தனி ஆய்வாளரால் இயலக்கூடிய சில மாற்றங்கள் புலப்படும். முதலாவது, அதே தொழிலாளரை ஆர்டர் மிகுந்த மாதத்திலும் குறைந்த மாதத்திலுமாக இருமுறை சந்தித்தல். இரண்டாவது, வேலை நேரத்தை நினைவிலிருந்து கேளாமல், ஒப்புதலுடன் கூலிச் சீட்டிலிருந்து குறித்தல். இதனால் இரு மாறிகளும் ஒரே வாயிலிருந்து வருவது தவிர்க்கப்படும். மூன்றாவது, கூலி முறை, பால், புலம்பெயர்வு ஆகியவற்றின்படி கெழுவைத் தனித்தனியே கணித்தல். நான்காவது, நிறுவனத்துக்கு வெளியே, குடியிருப்பில் சந்தித்தலும், விலகியோரைத் தேடிச் சேர்த்தலும். ஐந்தாவது, கெழுவோடு நம்பிக்கை இடைவெளியையும் தருதல். ஷோன்புரோட், பெருகினி ஆகியோர் 2013-இல் காட்டியபடி, உளவியலில் வழக்கமாகக் காணும் கெழுக்கள் நிலைபெற ஏறத்தாழ 250 பேர் தேவை. ஆறாவது, காரணத்தை நிறுவும் வடிவம் இல்லாதவிடத்துத் தலைப்பில் ‘தாக்கம்’ என எழுதாமை.

முடிவுரை

மணிமேகலையின் 29-ஆவது காதையில் அறவண அடிகள் ஏதுப்போலியை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்றாக வகுத்துரைக்கிறார். அநைகாந்திகம் என்பது ஒருதலையாகத் துணியப்படாத ஏது. மெய்ப்பிக்க எடுத்துக்கொண்ட முடிவுக்கும் அதன் மறுதலைக்கும் அது ஒருங்கே இடந்தரும். திசையற்ற கெழுவைக் காட்டித் திசையுள்ள முடிவு கூறுவது இவ்வகைப் போலியின் பாற்படும். −0.42 என்னும் எண் ‘மன அழுத்தம் நிறைவைக் குறைக்கிறது’ என்பதற்கும், ‘நிறைவின்மை மன அழுத்தத்தை வளர்க்கிறது’ என்பதற்கும், ‘வேலை அமைப்பு இரண்டையும் விளைவிக்கிறது’ என்பதற்கும் ஒரே அளவில் இடந்தருகிறது. மூன்றனுள் எதைத் தேர்வது என்பதைப் பொறுத்து, முதலிபாளையத்தில் தைத்துக்கொண்டிருப்பவர் தம்மை மாற்றிக்கொள்ள வேண்டுமா, அவருடைய வேலை மாற வேண்டுமா என்பது முடிவாகிறது. அந்தத் தேர்வைத் தரவு செய்யவில்லை; ஆய்வாளர் செய்கிறார். எனவே, அத்தேர்வுக்கான சான்றைத் தனியே காட்டுவதும், சான்று இல்லாதவிடத்து ‘ஒட்டுறவு’ என்னும் அளவில் நின்றுகொள்வதும் ஆய்வறத்தின் பாற்பட்டவை.